‘எல்லோருக்கும்’ என்று எழுதும் முன்: ஒரு கூந்தல் விளம்பரத்தைச் சோதிக்கும் முறை

சிகாகோவில் விளம்பரங்களைச் சோதித்துக் கொடுப்பது என் தொழில். விளம்பரம் வெளியாவதற்கு முன் வாடிக்கையாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை ஓர் அறையில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவேன். அவர்கள் சொன்னதையும், சொல்ல வந்து விழுங்கியதையும் எழுதிக் கொடுப்பேன். என் மேசைக்கு அதிகம் வருவது கூந்தல் பொருள்கள்தான். கறுப்பினப் பெண்களை நம்பி வளர்ந்த நிறுவனம் ஒன்று, ‘இனி எல்லோருக்கும் விற்போம்’ என்று முடிவெடுத்த அடுத்த வாரம் எனக்குத் தொலைபேசி வரும். அந்த ஒரு வாரத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் 2017 ஏப்ரலில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். ஷியா மாய்ஸ்சர் என்ற கூந்தல் பொருள் பிராண்ட். லைபீரியாவில் பிறந்த ரிச்சலூ டென்னிஸ் தன் தாயோடும் கல்லூரி நண்பரோடும் சேர்ந்து 1991-இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அதைத் தயாரித்தது. 1912-இல் சியரா லியோன் கிராமச் சந்தையில் அவருடைய பாட்டி, ஷியா மரத்தின் எண்ணெய்ப்பசையுள்ள கொட்டையை விற்ற கதை ஜாடியின் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். முடியை நேராக்கும் ரிலாக்சரைக் கைவிட்டுத் தங்கள் இயற்கைச் சுருளுக்குத் திரும்பிய கறுப்பினப் பெண்கள்தான், ஒருவர் காதில் ஒருவர் போட்டு, அந்த ஜாடியை வளர்த்துவிட்டார்கள். அப்படிப்பட்ட நிறுவனம் ஃபேஸ்புக்கில் ஒரு காணொளி வெளியிட்டது. பொருள், ‘முடி வெறுப்பு’. அதில் தோன்றியவர்கள் மூன்று வெள்ளையினப் பெண்களும், வெளிர்நிறத்தில் நீண்டு தளர்ந்த சுருள்களோடு ஒரு பெண்ணும். அடர்ந்த, இறுகிய சுருள் கொண்ட ஒரு தலை கூட இல்லை. எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் நிறுவனம் காணொளியை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது.

வெள்ளைக்காரப் பெண்களைச் சேர்த்ததால் வந்த கோபம் இது என்று பலர் சுருக்கிவிடுகிறார்கள். நோயை இப்படிப் புரிந்துகொண்டால் மருந்தும் தப்பாகத்தான் போகும். அதற்கு ஓராண்டுக்கு முன், 2016-இல், இதே நிறுவனம் கடைகளில் கறுப்பினப் பெண்களின் பொருள்களை ‘எத்னிக்’ என்று பெயரிட்ட தனி அலமாரியில் ஒதுக்கி வைப்பதை எதிர்த்து ‘சுவர்களை உடைப்போம்’ என்று விளம்பரம் செய்தது. அதுவும் சந்தையை விரிப்பதற்கான விளம்பரம்தான். அதற்கு இப்படியொரு கோபம் எழவில்லை. கடையில் மூலைக்குத் தள்ளப்பட்டவர்களின் வாயாலேயே அது பேசியது. அடுத்த ஆண்டு, அவர்களுடைய வலி மட்டும் விளம்பரத்தில் இருந்தது. அவர்கள் இல்லை.

இதை ஏதோ கரையில் நின்று வேடிக்கை பார்த்தவள் போலச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானே அந்தக் குழியில் விழுந்தவள்.

என் முடி சுருட்டை. பள்ளியில் ‘பரட்டை’ என்று பெயர் வாங்கியவள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய நிறுவனம், வழக்கமாகச் சோதித்துக் கொடுக்கும் என்னிடம் தொடக்க வரியையும் எழுதச் சொன்னது. பெருமையோடு எழுதினேன்: ‘நம் ஒவ்வொருவருக்கும் நம் முடியோடு ஒரு சண்டை இருந்திருக்கிறது.’ சோதனை அறையில் அதைப் படித்துக் காட்டினேன். எதிரே சாம்பல் நிறத் தலைத்துணி கட்டிய ஓர் அம்மாள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். தன் முன்னால் வைத்திருந்த மாதிரி ஜாடியைத் திறக்காமல், மூடியை மட்டும் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இதை எழுதியவர் யார்?” என்றார்.

“நான்தான்.”

“உங்கள் முடிக்காக உங்களை யாராவது வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களா?”

“இல்லை.”

“அப்படியானால் அந்த ‘நம்’மை எடுத்துவிடுங்கள்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. மற்ற பதினொரு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பட்டப்பெயரும் அவருடைய இழந்த வேலையும் ஒரே தட்டில் வைக்கக் கூடியவை என்று நான் நினைத்திருந்தேன். அந்த வரியை அன்றே அடித்தேன். கீழே சொல்லும் முறைகளில் பாதி அந்த அறையிலிருந்து வந்தவை.

விலைக் கணக்கு

விளம்பரத்தின் ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும், அதில் வலி, வெறுப்பு, போராட்டம், விடுதலை என்று வரும் சொற்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு விவரம் எழுதுங்கள்: இந்தப் பாத்திரம் தன் முடிக்காகக் கொடுத்த விலை என்ன, அதை வாங்கியவர் யார்? ‘மழை நாளில் முடி பறந்தது’ என்பது ஒரு விலை. ‘பள்ளியில் கேலி செய்தார்கள்’ என்பது இன்னொன்று. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் கணக்கோ சட்டப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறது. 1786-இல், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்களும் தலைமுடியைத் துணியால் மூட வேண்டும் என்று ஆளுநர் எஸ்தபான் மிரோ ஆணையிட்டார். 2010-இல் அலபாமாவில் ஒரு பெண், வேலைக்குத் தேர்வான பிறகு, ‘லாக்ஸ்’ எனப்படும் தன் சடைமுடியை வெட்ட மறுத்ததால் அந்த வேலையை இழந்தார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2016-இல் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பானது. முடியின் தன்மையை வைத்துப் பாகுபாடு காட்டுவதை வெளிப்படையாகத் தடுக்கும் முதல் மாநிலச் சட்டம் கலிபோர்னியாவில் வந்தது, ஆண்டு 2019. அந்தக் காணொளி வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான்!

சட்டத்தில் வராத விலைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சமையலறை, முடியை நேராக்க அடுப்பில் காயும் இரும்புச் சீப்பு, ‘காதைப் பிடித்துக்கொள்’ என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் காது மடலில் பட்ட சூடு. கழுத்துப் பிடரியில் இறுகிச் சுருண்டிருக்கும் முடியை அவர்கள் பேச்சில் ‘கிச்சன்’ என்றே சொல்வார்கள். ரிலாக்சரில் இருந்த காரச் சேர்மம் உச்சந்தலையைப் பொத்தலாக்கிய கதையை என் அறையில் எத்தனை பேர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள்! சிரிப்பை நம்பாதீர்கள்.

இரண்டு விலைகளும் ஒரே விளம்பரத்தில் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சின்ன விலை கொடுத்தவர் பெரிய விலை கொடுத்தவருடைய சொற்களில் பேசினால் நிறுத்துங்கள். அந்தக் காணொளியில் வந்த செம்பட்டை முடிப் பெண்ணுக்குத் தன் முடி பிடிக்காமல் இருந்திருக்கலாம். அதை அவள் தன் சொற்களில் சொல்லட்டும். அடக்குமுறைக்கு எதிராகப் பிறந்த சொல்லை அவள் வாயில் வைத்தது எழுதியவருடைய வேலை, அவளுடையது இல்லை.

ஒலியை அணைத்துவிட்டு

இந்தச் சோதனைக்குத் தேவை ஒரு நிறுத்து கடிகாரமும் ஒரு தாளும். ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு விளம்பரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தலையும் திரையில் எத்தனை வினாடி இருக்கிறது என்று குறியுங்கள். பக்கத்தில் முடியின் வகை. ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் பிரபலமாக்கிய எண்முறை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்: 1 என்றால் நேர்முடி, 2 நெளிவு, 3 சுருள், 4 இறுகிய சுருள். பிற்பாடு பெண்களே அதை நீட்டி, மிக இறுகிய சுருளான 4சி வரை கொண்டுபோனார்கள். அந்த முறை மேல் எனக்குக் குறைகள் உண்டு, இறுகிய முடியைக் கடைசியில் வைத்ததே ஒரு தரவரிசைபோலத் தோன்றுகிறது. ஆனாலும் எண்ணுவதற்கு உதவும்.

என்னுடைய தாளில் மூன்று கேள்விகள் எப்போதும் இருக்கும். முதலில் தெரியும் தலை யாருடையது? ஜாடியைத் தொடும் கை யாருடையது? ஒரு 4சி தலை, வெறும் அலங்காரமாக ஓரத்தில் நிற்காமல், ஈரமாக, சிக்கெடுக்கப்பட்டு, வேலை நடக்கும் நிலையில் எத்தனை வினாடி தெரிகிறது? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் விடை பூஜ்யம். கறுப்பினப் பெண் இருப்பாள், அவள் முடி தளர்ந்து காற்றில் ஆடும். ‘பிரதிநிதித்துவம் இருக்கிறதே’ என்று இயக்குநர் சொல்வார். நீங்கள் தாளைக் காட்டுங்கள்.

துண்டு துண்டாகப் பாருங்கள்

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. 2017 காணொளிக்குப் பிறகு நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தில், அது பல காணொளிகள் கொண்ட தொடரில் ஒன்று, மற்றவற்றில் வேறு இனத்தவரும் வேறு முடி வகைகளும் இருந்தன என்றார்கள். இனி ஒவ்வொன்றிலும் தங்கள் சமூகத்துக்கு இடம் இருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். பார்ப்பவர் கைக்கு ஒரே ஒரு துண்டுதான் போய்ச் சேரும். எனவே, 60 வினாடிப் படத்தில் இருக்கும் சமநிலை 15 வினாடித் துண்டில் இருக்கிறதா என்று தனியாகச் சோதியுங்கள். அசையாப் படத்தையும், காணொளி தொடங்கும் முன் தெரியும் முகப்புப் படத்தையும் மறக்காதீர்கள்.

‘சாதாரண’ முடி

படத்தின் கீழே போகும் எழுத்துகளைத் தனித்தாளில் எழுதி, எந்தச் சொல் எந்தத் தலைக்குக் கீழே வருகிறது என்று கோடிழுத்து இணையுங்கள். 2020 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் கிளிக்ஸ் என்ற கடைச் சங்கிலியின் இணையதளத்தில் டிரெசமே என்ற கூந்தல் பொருளின் விளம்பரம் வந்தது. கறுப்பினப் பெண்களின் முடிக்குக் கீழே ‘வறண்டது, சேதமுற்றது’, ‘சிலிர்த்தது, மங்கியது’. வெள்ளையினப் பெண்ணின் முடிக்குக் கீழே ‘நார்மல்’. கடைகளின் முன்னால் போராட்டம் வெடித்தது. டிரெசமே 10 நாள் கடை அலமாரிகளிலிருந்து விலக்கப்பட்டது. அதைத் தயாரிக்கும் யூனிலீவர், 2021 மார்ச்சில், தன் அழகுப் பொருள்களின் உறைகளிலிருந்து ‘நார்மல்’ என்ற சொல்லையே எடுத்துவிடுவதாக அறிவித்தது. இவ்வளவும் கோடிழுத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும்.

அறையில் யாரை உட்கார வைப்பது

எல்லா இனத்துப் பெண்களையும் கலந்து ஒரே குழுவாக உட்கார வைக்கச் சொல்வார்கள், செலவு குறையும் என்று. மறுத்துவிடுங்கள். கலந்த அறையில் மரியாதைதான் பேசும், மனம் பேசாது. பத்தாண்டாக அந்த ஜாடியை வாங்கும் பெண்களுக்கென்று ஒரு தனி அமர்வு வேண்டும். அதை நடத்துபவர் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். அந்தத் தலைத்துணி அம்மாள் சம்பவத்துக்குப் பிறகு நான் அந்த அமர்வுகளை நடத்துவதில்லை. ஒரு கறுப்பினத் தோழி நடத்துகிறார், நான் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் குறிப்புகள் முன்பைவிட இரண்டு மடங்கு நீளமாகிவிட்டன. என் அகந்தைக்கு அது நல்ல வைத்தியம்.

‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். ஊதியம் வாங்கிக்கொண்டு வந்தவர் ‘ஆமாம்’ என்பார். ‘இந்த ஜாடி யாருடையது என்று தோன்றுகிறது?’ என்று கேளுங்கள். ‘உங்கள் அக்காவுக்கு இதை அனுப்பினால் கூடவே என்ன எழுதுவீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் வெளியீட்டு நாளில் நீங்கள் வாங்கப்போகும் அடி.

இன்னொரு பொறியும் உண்டு. என் வரி அடிபட்ட பிறகு அந்த நிறுவனம் புது ஸ்கிரிப்ட் எழுதியது: ஒரு கறுப்பினப் பெண் தன் வெள்ளையினத் தோழியின் நெளிவு முடிக்குக் களிம்பு பூசிக் கற்றுக்கொடுக்கிறாள். முதன்மை வாடிக்கையாளருக்கு ஆசிரியர் இடம் கொடுத்துவிட்டோம் என்று எல்லோருக்கும் திருப்தி. இரண்டாம் அமர்வில் ஓர் இளம்பெண் கேட்டாள்: “அவள் முடியை யார் கவனிப்பது?” படம் முழுக்க அவள் இன்னொருத்தியின் தலைக்கு வேலை செய்கிறாள், தன் தலையைத் தொடவே இல்லை. எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

ஜாடிக்குள் என்ன மாறியது

விளம்பரத்தைப் பற்றிய கோபம் எப்போதும் விளம்பரத்தோடு நிற்பதில்லை. புது முகங்களைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘கலவையை மாற்றிவிட்டார்களா?’ நேர்முடிக்கு எண்ணெய்ப்பசை ஆகாது, இறுகிய சுருளுக்கு அது இல்லாமல் ஆகாது. புதியவர்களுக்காகப் பழைய ஜாடியை நீர்த்துப்போகச் செய்வார்கள் என்ற பயம் வேதியியலோடு சேர்ந்த நியாயமான பயம். 2022 டிசம்பர் கடைசியில் வெள்ளையின இளம்பெண் ஒருவர் டிக்டாக்கில், கறுப்பினப் பெண் ஒருவர் தொடங்கிய மியெல் ஆர்கானிக்ஸின் ரோஸ்மேரி எண்ணெயைப் புகழ்ந்ததும் இதே பயம் எழுந்தது: விலை ஏறிவிடும், கடையில் கிடைக்காது, கலவை மாறும். சில வாரங்களில் அந்த நிறுவனத்தை பி அண்டு ஜி என்ற பெருநிறுவனம் வாங்குகிறது என்ற அறிவிப்பும் வந்தது. பயத்துக்கு உரம் போட்டதுபோல ஆயிற்று.

இந்தச் சந்தேகத்துக்கு நீண்ட பின்னணி உண்டு. நான் வேலை செய்யும் இதே சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் என்ற கறுப்பினத்தவர் 1954-இல் 250 டாலர் கடனில் ஜான்சன் புராடக்ட்ஸ் என்ற கூந்தல் பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். 1971-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலான முதல் கறுப்பினத்தவர் நிறுவனம் அது. 1975-இல் ரிலாக்சரில் உள்ள காரச் சேர்மத்தைப் பற்றி எச்சரிக்கை அச்சிடும்படி அரசு ஆணையம் அவரிடம் ஒப்பந்தம் வாங்கியது. அதே எச்சரிக்கையை வெள்ளையர் நிறுவனமான ரெவ்லான் அச்சிட வேண்டி வந்தது கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் கழித்து. 1986-இல், கறுப்பினத்தவரின் நிறுவனங்கள் விரைவில் மறைந்து வெள்ளையர் நிறுவனங்களுக்கு விற்கப்பட்டுவிடும் என்று ரெவ்லான் அதிகாரி ஒருவர் பத்திரிகைக்குச் சொல்ல, கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் புறக்கணிப்புக்கு அழைத்தார். ஷியா மாய்ஸ்சரின் தாய் நிறுவனத்தை வாங்குவதாக யூனிலீவர் அறிவித்ததும் அதே 2017 நவம்பரில்தான். உங்கள் 30 வினாடியை இந்த நினைவோடுதான் பார்ப்பார்கள்.

ஆகவே கலவை மாறவில்லை என்றால், மாறவில்லை என்று லேபிளிலும் விளம்பரத்தோடும் சொல்லச் சொல்லுங்கள். மாறியிருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள். பழைய உள்ளடக்கப் பட்டியலைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

அத்தனையும் மீறி வெடித்தால்

எடுத்துவிடுங்கள். அன்றே. ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்ற வாக்கியத்தை யாராவது தட்டச்சு செய்தால் விசைப்பலகையைப் பிடுங்குங்கள். அந்த ‘ஆல்’ விகுதி இன்னொரு சண்டையைக் கிளப்பும். ‘எங்கள் நோக்கம் அதுவல்ல’ என்பதை முதல் வரியில் வைக்காதீர்கள். எந்தக் காட்சி தவறு, எவர் விடுபட்டார், இனி எது மாறும் என்று மூன்றே செய்திகள் போதும். 2017-இல் அந்த நிறுவனம் கொச்சையான சொல்லைப் போட்டுத் தோழியிடம் பேசுவதுபோல மன்னிப்புக் கேட்டது. சிலருக்கு அது நேர்மையாகப் பட்டிருக்கலாம். அடித்தவன் உடனே தோளில் கைபோட்ட மாதிரி எனக்குப் பட்டது. மறுநாள் காலை அவசர அவசரமாக ஒரு 4சி தலையின் படத்தைப் போடுவதும் வேண்டாம், அந்தப் பெண்ணைத் தீயணைப்பு வாளியாகத்தான் பார்ப்பார்கள்.

என் சிறிய நிறுவனம் கடைசியில் இரண்டு தனிப் படங்களாக எடுத்தது. முதல் படம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை தலை அலசல்: சமையலறைத் தொட்டி, நான்கு பாகமாகப் பிரித்த முடி, விரலால் சிக்கெடுப்பது, இரவு பட்டுத் துணி கட்டுவது. இரண்டாவதில் நெளிவு முடிப் பெண்கள், எந்த வெறுப்பும் விடுதலையும் இல்லாமல், மழைக்குப் பிறகு முடி அடங்குகிறதா என்று மட்டும் பேசினார்கள். முதல் படம் இரண்டு வாரம் முன்னதாக வந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். விற்பனை மெதுவாக ஏறியது, யாரும் திட்டவில்லை.

முதல் அமர்வு முடிந்த அன்று தலைத்துணி அம்மாள் கதவருகே நின்றார். மாதிரி ஜாடியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இரண்டு மணி நேரமாக எங்களிடம் என்னென்னவோ கேட்டீர்கள். இது எனக்கு இரண்டு அலசலுக்கு மேல் வருவதில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?” என்றார். ஈரக் கையால் மூடியைத் திறக்கவும் முடியவில்லையாம். அதுவரை அந்தக் கேள்வி எங்கள் தாளில் இல்லை. அன்றைய அறிக்கையில் விளம்பரத்தைப் பற்றிய பகுதியை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பக்கத்தில் எழுதினேன்: பெரிய ஜாடி, பிடிப்புள்ள மூடி.